மூணு காதம் கேக்குற மணி

உக்காருங்க சார். அந்த நாற்காலி வேணாம், இதுல உக்காருங்க. ஃபேன் காத்து இங்கதான் வரும்.

போன்லயே சொல்லிட்டேன், விலை ஃபிக்ஸடு. பேரம் பேசுற பழக்கம் எனக்கில்ல. ஒவ்வொண்ணுலயும் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கேன், பாத்துக்கோங்க. புஸ்தகம் மூணு, மேப்பு பதினாலு, சின்னச் சின்ன பொம்மை முப்பத்திரண்டு, டைஸ் ரெண்டு செட்டு. வாங்குன விலை என்ன, எத்தன வருஷமாச்சு, எங்க கிழிஞ்சிருக்கு, எல்லாம் பாத்துத்தான் போட்டிருக்கேன். ரெண்டாவது புஸ்தகத்துல ஒரு பக்கம் பூரா டீ கறை. அதுக்கு முப்பது ரூபா குறைச்சாச்சு. நீங்க கேட்டு நான் குறைக்கல, நானாவே குறைச்சேன்.

பொண்ணுக்கா? காலேஜ் படிக்குதா? நல்லது. அதுக்குத் தெரிஞ்சிருக்கும் இதெல்லாம். உங்களுக்குத் தெரியாதுல்ல? பரவால்ல.

ஏன் விக்கிறேன்னு கேக்குறீங்க. பழைய சாமான் வாங்குறவர் கேக்கத்தான் செய்வீங்க. பொருள்ல ஒரு குறையும் இல்ல சார். ஆளுங்கதான் வர்றதில்ல. நாலு மாசமா ஞாயித்துக்கெழமையானா இந்த ஹால் காலியா கெடக்கு. நான் என்னமோ குத்தம் பண்ணிட்ட மாதிரி. நீங்க மூணாவது மனுஷர், ரெண்டு பக்கமும் வேண்டியவர் இல்ல. கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க, நான் பண்ணது நியாயமா இல்லையான்னு.

இந்த ஆட்டம் எப்படின்னா சார், ஒருத்தன் கதைய நடத்துவான். அது நான். மத்தவங்க ஆளுக்கு ஒரு பாத்திரம் எடுத்துக்குவாங்க. வீரன், மந்திரவாதி, திருடன், இப்படி. நான் “காட்டுக்குள்ள போறீங்க, எதிர்ல ஒரு பாலம் இருக்கு, என்ன பண்றீங்க”ம்பேன். அவங்க சொல்லுவாங்க. நடக்குமா நடக்காதான்னு டைஸ் உருட்டிப் பாப்போம். சொக்கட்டான் மாதிரிதான், ஆனா காய் நகத்துறதுக்குப் பதிலா கதை நகரும். ஜெயிக்கிறது தோக்குறது கிடையாது. வாராவாரம் போய்ட்டே இருக்கும். எங்களுது ஏழு வருஷம் போச்சு.

மூணு பேரு வருவாங்க. இன்னாசி, ஸ்கூல்ல பிசிக்ஸ் வாத்தியார், என் வயசு. ஜாபர், பால்பண்ணை பக்கம் டயர் கடை வெச்சிருக்கான். அப்புறம் என் தம்பி அமுதன். ஆட்டத்தையே பெங்களூர்லேர்ந்து கொண்டாந்தது அவன்தான். “அண்ணே, நீ நடத்து. நீதான் யாருக்கும் ஓரவஞ்சனை பண்ணமாட்ட”ன்னான். அது வாஸ்தவம். நான் பில்டர் கம்பெனில எஸ்டிமேட் போடுறவன் சார். இருபத்தோரு வருஷம். செங்கல் எத்தன, மணல் எத்தன யூனிட், கொத்தனார் எத்தன ஆளுன்னு நான் எழுதிக் குடுத்தா ஓனர் மறுபேச்சு பேசமாட்டாரு.

அந்த நோட்ட எடுங்க, நீல அட்டை. அதுவும் விலைல சேத்திதான். அதுதான் இதுல பெரிய விஷயம். ஆட்டத்துல மந்திரப் பொருள்னு வரும். புஸ்தகத்துல இருக்கறதுக்கு விலை போட்டிருக்கும், தொந்தரவில்ல. ஆனா இவங்க சும்மா இருப்பாங்களா? “எனக்குன்னு தனியா ஒண்ணு செஞ்சு குடு”ம்பாங்க. அதுக்கு விலை எங்க இருக்கு? புஸ்தகத்துல போட்டிருக்குற கணக்கு சரியில்ல சார். குறைச்சுப் போட்டா ஒருத்தனே எல்லாத்தையும் அடிச்சுட்டுப் போயிடுவான், மத்தவன் வேடிக்கை பாக்கணும். கூட்டிப் போட்டா எவனும் வாங்கமாட்டான். அதனால நானே ஒரு ரேட் கார்டு எழுதுனேன். பொருள் என்ன பண்ணும், எத்தன தடவ பண்ணும், யார் கையில இருந்தாலும் பண்ணுமா, எவ்வளவு தூரம் எட்டும். நாலே கேள்விதான். நாலுக்கும் பதில் சொன்னா விலை தானா வந்துடும்.

இன்னாசி அம்பு மழைய நிறுத்துற குடை கேட்டான். அஞ்சாயிரம் பொற்காசு. ஜாபர் தண்ணி மேல ஓடுற செருப்பு கேட்டான், நாலாயிரம். அப்புறம் அவனே பிரியாணி தீராத சட்டி ஒண்ணு கேட்டான். ஒரு நாளைக்கு ரெண்டு வேளை, நாலு பேருக்கு மட்டும்னு வரம்பு கட்டி ஆயிரத்து நானூறு போட்டேன். “அண்ணே, எங்க மாமா கடையில ஃபுல் பிரியாணியே நூத்தி எம்பதுதான்ணே”ன்னு குதிச்சான். அமுதன் சிரிச்சு சிரிச்சு பொறையேறிடுச்சு. “சாமியே நேர்ல வந்து வரம் தர்றேன்னாலும் எங்கண்ணன் கொட்டேஷன் கேப்பான்டா”ன்னான். டீ கறை அன்னிக்கு விழுந்ததுதான்.

இன்னொரு வழக்கமும் வெச்சிருந்தோம். ஒரு ஞாயித்துக்கெழம யாராவது வரலேன்னா அவன் பாத்திரம் ஆட்டத்துல என்ன பண்ணும்? கூடக் கூட்டிட்டுப் போனா அடிபடும், செத்தும் போகும். ஆள் இல்லாதப்ப அவன் ஆளச் சாகடிக்கிறது நியாயமா? அதனால வராதவன் குதிரையப் புடிச்சுக்கிட்டு வெளிய நிப்பான். அவ்வளவுதான். குதிரை புடிச்சுட்டு நிக்கிறவன யாரும் தொடமாட்டாங்க, நானும் தொடமாட்டேன். ஜாபருக்கு கடைல வேலைன்னா “ஜாபர் இன்னிக்கு குதிரை புடிக்கிறான்”னு சொல்லிட்டு ஆரம்பிச்சுடுவோம்.

அமுதன் போன வருஷம் ஆனில போயிட்டான். ஆபீஸ்ல சாப்புட உக்காந்தவன், அப்படியே. முப்பத்தாறு வயசு. அது வேற விஷயம்.

எல்லாம் நான்தான் பாத்தேன். சாமியானா, வேன், ஐயர், ஐஸ் பெட்டி. ஐஸ் பெட்டிக்காரன் ஒரு நாள் வாடகைன்னு சொல்லிட்டு ஒன்றரை நாளுக்குக் கேட்டான். பேசிக் குறைச்சேன். அதப் பாத்துட்டு எங்க சித்தப்பா “இப்ப போயாடா”ன்னாரு. எப்ப பேசுறது பின்ன? எனக்கு அழுக வரல சார். இப்பவும் வரல. கால் மரத்துப் போனா தட்டுனா கொஞ்ச நேரத்துல சரியாயிடும்ல, அந்த மாதிரி சரியாயிடும்னுதான் இருக்கேன். சாப்புடுறேன், வேலைக்குப் போறேன். ஒண்ணும் தெரியல. அதான் உண்மை.

ரெண்டு வாரம் ஆட்டம் இல்ல. மூணாவது வாரம் இன்னாசியும் ஜாபரும் வந்தாங்க. மேப்ப விரிச்சேன். அப்ப கதை ஒரு பரிசல் துறைல நின்னுட்டிருந்துச்சு. அந்தக் கரைக்குப் போகணும். “ரெண்டு பேரும் பரிசல் ஏறுறீங்க”ன்னேன். மூணாவது ஆளப் பத்தி அவங்களும் கேக்கல, நானும் சொல்லல. போய்ட்டோம்.

இப்படியே பத்து மாசம். அப்பதான் ஒரு நாள் பொற்செல்வி வந்துச்சு. அமுதன் சம்சாரம். ரெண்டு தெரு தள்ளித்தான் வீடு, ஸ்கேன் சென்டர்ல வேலை பாக்குது. புள்ள குட்டி இல்ல. அவன் இருந்தப்ப இந்த ஆட்டத்த எட்டிக்கூடப் பாக்காது. “நரைச்ச முடியோட சொப்பு விளையாடுறாங்க”ன்னு கேலி பண்ணும். அன்னிக்கு வாசல்ல நின்னுட்டு, “மாமா, நானும் உக்காரட்டுமா?”ன்னு கேட்டுச்சு.

வேணாம்னு சொல்வேனா? பக்கத்து வீட்டுலேர்ந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிட்டு வந்து போட்டேன். இங்க நாலு நாற்காலி இருக்கே, ஏன்னு கேட்டா, அந்த ஒண்ணுல பை வெச்சிருந்தோம்.

விளக்கு தூக்கிட்டுப் போற பொம்பளைன்னு ஒரு பாத்திரம் எழுதிக் குடுத்தேன். ஆறு வாரம் வந்துச்சு. அதிகம் பேசாது. “நான் விளக்கப் புடிச்சுக்கிறேன் மாமா”ங்கும், அவ்வளவுதான். டைஸ் உருட்டச் சொன்னா மெதுவா, சத்தமில்லாம உருட்டும். ஏழாவது வாரம் ஆட்டம் முடிஞ்சதும் ஒரு காகிதத்தக் குடுத்துச்சு. நாலா மடிச்சிருந்துச்சு. “எனக்கும் ஒண்ணு செஞ்சு தருவீங்களா மாமா? என்ன விலைன்னு போட்டுச் சொல்லுங்க.”

ஒரு மணி. அத அடிச்சுட்டு ஒருத்தர் பேரச் சொல்லிக் கூப்பிட்டா, அவரு எங்க இருந்தாலும் அவரு குரல் பதில் சொல்லணும். ஒரு வார்த்த போதும்னு எழுதியிருந்துச்சு.

சார், நான் ஒரு வாரம் உக்காந்து விலை போட்டேன். ஆபீஸ்ல ஒரு கல்யாண மண்டபத்து எஸ்டிமேட்டக்கூடத் தள்ளி வெச்சுட்டு அதத்தான் பாத்தேன். எங்க இருந்தாலும்னா தூரத்துக்கு வரம்பே கிடையாது. அதோட செத்தவங்களும் அதுல அடக்கம். செத்தவங்ககிட்ட பேசுறது ரேட் கார்டுலயே உச்சாணி. கணக்கு பாத்தா ஒரு லட்சத்து இருபத்தெட்டாயிரம் வந்துச்சு. பொற்செல்வி கையில முன்னூத்திப் பத்து காசு இருந்துச்சு.

சொன்னேன். “குறைக்க முடியாதா மாமா?”ன்னு கேட்டுச்சு.

விலையக் குறைக்க மாட்டேன், ஆனா பொருளக் குறைக்கலாம். அது முறை. உயிரோட இருக்கறவங்க மட்டும்னு வெச்சா பாதியாயிடும், அறுபத்தி நாலாயிரம். ஒரே ஒரு தடவதான் அடிக்கலாம், ஒரு வாக்கியம்தான் பதில்னா அதுல அஞ்சுல ஒரு பங்கு, பன்னெண்டாயிரத்து எண்ணூறு. மூணு காதத்துக்குள்ளன்னா அதுலயும் பாதி. மேப்புல ஒரு கட்டம் ஒரு காதம். ஆறாயிரத்து நானூறுல கொண்டாந்து நிறுத்துனேன். ஒரு லட்சத்து இருபத்தெட்டாயிரத்த! நோட்டுல இருக்கு பாருங்க, கடைசிப் பக்கம். அடித்தல் திருத்தலே இல்லாம எழுதியிருப்பேன்.

பொற்செல்வி அத ரொம்ப நேரம் படிச்சுச்சு. உயிரோட இருக்கறவங்க மட்டும்ங்கற வரில வெரல வெச்சுக்கிட்டு இருந்துச்சு. அப்புறம் “சரி மாமா”ன்னுச்சு.

இங்கதான் மத்த ரெண்டு பேரும் கூத்தடிச்சது. அடுத்த வாரம் பெரிய கோட்டைய முற்றுகை போடணும். மூணு வருஷமா அதுக்குத்தான் கதைய நகத்திட்டு வந்தேன். உக்காந்ததும் இன்னாசி என்னப் பாத்து, “நேசா, சந்தைக்குப் போறோம், குடைய விக்கிறேன்”ங்கறான். ஜாபர் செருப்ப விக்கிறேங்கறான். அந்தக் குடை இல்லாம கோட்டைகிட்ட எப்படிப் போவ? மேல நூறு வில்லாளி நிக்கிறான். சொன்னேன். “அது எங்க பாடு”ன்னுட்டாங்க.

வித்தா பாதி விலை. அது ஏழு வருஷமா உள்ள ரூல். குடைக்கு ரெண்டாயிரத்து ஐநூறு, செருப்புக்கு ரெண்டாயிரம். அவங்க கைல இருந்தது தொள்ளாயிரம், அதோட பொற்செல்வியோட முன்னூத்திப் பத்து. மணி விலைக்குப் பத்தல. ஜாபர் கேட்டான், “அண்ணே, இன்னிக்கு ஒரு நாள் முழு விலைக்கு எடுத்துக்கச் சொல்லுங்கண்ணே அந்தக் கடைக்காரன.” நான் முடியாதுன்னேன். இன்னிக்குக் குடுத்தா நாளைக்கும் கேப்பீங்கல்ல? ஜாபர் என்னையே பாத்தான். அப்புறம் “சரி, பிரியாணி சட்டியையும் எழுதிக்கோங்க”ன்னான். அது எழுநூறு. எல்லாம் போக மிச்சம் பத்து காசு.

மணி கைக்கு வந்துடுச்சு. கோட்டை வாசல்ல நிக்கிறாங்க. பொற்செல்வி கைப்பையத் தொறந்து நெசமாவே ஒரு மணிய எடுத்துச்சு. அவங்க வீட்டு பூஜை மணி. அதெல்லாம் தேவையில்ல, அடிக்கிறேன்னு வாயால சொன்னாப் போதும். நான் கேக்கவும் இல்ல. எடுத்து மடியில வெச்சுக்கிட்டு, ஒரு தடவ அடிச்சுச்சு.

“அமுதன்”னு கூப்பிட்டுச்சு.

சார், கல்யாணமாகி ஒம்போது வருஷத்துல என் எதிர்ல அது அவன் பேரச் சொல்லி நான் கேட்டதில்ல. “அவரு”ங்கும், “உங்க தம்பி”ங்கும். அன்னிக்குத்தான் கேட்டேன்.

மூணு பேரும் என்னையே பாக்குறாங்க. நான்தான் பதில் சொல்லணும். ஆட்டத்துல யாரு பேசுனாலும் அது நான் பேசுறதுதான, ராஜாவா இருந்தாலும் பேயா இருந்தாலும். நோட்டப் பாத்தேன். மேப்பப் பாத்தேன். மேல் வீட்டுல குக்கர் விசில் போட்டுட்டே இருந்துச்சு, மூணோ நாலோ. அப்புறம் சொன்னேன், “அந்தப் பேர்ல இந்த உலகத்துல யாரும் இல்லம்மா.”

அவ்வளவுதான் சார் நடந்தது. இதுல எது பொய்? எது தப்பு?

அது மணிய பையில வெச்சுக்கிச்சு. ஜிப்ப மெதுவா இழுத்து மூடுச்சு. நான் விடல. வாங்குன பொருள் வேலை செய்யலேன்னா பணத்தத் திருப்பிக் குடுக்கணும்ல? ஆறாயிரத்து நானூறையும் அப்படியே திருப்பிக் குடுத்தேன். பாதி இல்ல, முழுசு. ஏழு வருஷத்துல யாருக்கும் முழுசாத் திருப்பிக் குடுத்ததில்ல. “உன் கணக்குல ஏத்திட்டேன்மா”ன்னேன். “சரி மாமா”ன்னுட்டு எழுந்து போயிடுச்சு.

அடுத்த ஞாயித்துக்கெழம மூணு மணிக்கு மேப்ப விரிச்சு வெச்சுட்டு உக்காந்திருந்தேன். யாரும் வரல. ஜாபர்தான் போன் பண்ணான். “ஒரு வரி சொல்லியிருக்கலாம்லண்ணே. ஒரே ஒரு வரி. யாரு கேக்கப்போறா?” எந்த வரியடா சொல்றது? அமுதன் செத்துட்டான். செத்தவன் பேசுற மாதிரி நான் பேசுனா அது ஏமாத்து இல்லையா? அதுவும் அந்தப் பொண்ண? “நீங்க நல்லவருதான்ணே, ஆனா உங்களோட உக்காரப் பயமா இருக்குண்ணே”ன்னுட்டு வெச்சுட்டான். இன்னாசி அதுவும் பண்ணல. சந்தையில பாத்தா தலைய ஆட்டுவான்.

சரி, எடுத்து வெச்சுக்கோங்க. டைஸ எண்ணிப் பாத்துக்கோங்க, ஒரு செட்டுக்கு ஏழு இருக்கணும். பொண்ணுகிட்ட அந்த நோட்டக் காட்டுங்க, உபயோகமா இருக்கும்.

அது வேணாம் சார். அந்தக் காகிதம். அது எப்படி பெட்டிக்குள்ள வந்துச்சு? இப்படிக் குடுங்க. அது விக்கிறதுக்கு இல்ல.

அது அமுதனோட பாத்திரம். அவன் கையெழுத்துதான். திருடன், பேரு முள்ளன். மூக்கால பேசுவான். உயிர்ப் புள்ளி இருபத்திரண்டு, பாத்தீங்களா, முழுசா இருக்கு. ஒரு கீறல் இல்ல. அவன் பரிசல் துறைல குதிரையப் புடிச்சுக்கிட்டு நிக்கிறான். ஆள் வரலேன்னா அதான வழக்கம்? ஒரு வருஷம் மழைலயும் வெயில்லயும் அங்கதான் நின்னான். மேப்புல நான் ஒரு புள்ளி வெச்சிருக்கேன், பென்சில்ல, அவங்களுக்குத் தெரியாது.

கோட்டை வாசல்லேர்ந்து பரிசல் துறைக்கு ரெண்டே முக்கால் கட்டம் சார். அளந்து பாத்துத்தான் மூணு காதம்னு எழுதுனேன். ரெண்டுன்னு போட்டிருந்தா இன்னும் விலை குறைஞ்சிருக்கும், அவங்க செருப்ப விக்க வேண்டியிருந்திருக்காது. ஏன் மூணுன்னு ஒருத்தராவது கேட்டாங்களா?

உயிரோட இருக்கறவன்தான் அவன். தூரத்துக்குள்ளயும் இருந்தான். முள்ளன்னு மட்டும் கூப்பிட்டிருந்தா நான் பதில் சொல்லியே ஆகணும். தயாரா இருந்தேன். மூக்கால பேசுறது எனக்கு வராது, அந்த ஒரு வாரமும் குளிக்கப் போறப்ப தண்ணியத் தொறந்துவிட்டுட்டு பேசிப் பழகுனேன். ஆனா அமுதன்னு கூப்பிட்டா முள்ளன் ஏன் திரும்பிப் பாப்பான்?

அந்தப் பேரே பொற்செல்விக்குத் தெரியாதோ என்னவோ. அவன் வீட்டுல சொல்லியிருக்க மாட்டான். இன்னாசிக்கும் ஜாபருக்கும் அவன் அங்க நிக்கிறது ஞாபகமில்ல. நான் சொல்லியிருக்கலாம். ஆனா நடத்துறவன் ஒருத்தருக்கு மட்டும் துப்பு குடுக்கக் கூடாது சார்.

என்ன பதில் வெச்சிருந்தேனா? இந்தக் காகிதத்துப் பின்னாலயே எழுதியிருக்கேன். “குதிரைங்க பத்திரமா இருக்கு. நான் எங்கயும் போகல. நீங்க மெதுவா வாங்க.”

ஒரு வாக்கியத்துக்குத்தான் விலை போட்டேன். இதுல மூணு இருக்கு. எந்த ரெண்ட அடிக்கிறதுன்னு நாலு மாசமாப் பாத்துட்டிருக்கேன் சார்.